கற்ற கடன்



ஒருவன் தான் அறிந்த தொழிலைப் பிறர்க்குக் கூறாது மறைத்து வைத்துக்கொள்வானாயின், அவன் குற்றம் செய்தவனாவானா? பிறர் பொருளைக் கவர்வதைத் திருட்டென்கிறோம். தன் பொருளைத் தானே பூட்டி வைப்பதை எவரும் திருட்டென்பதில்லை. அறிவும் ஒருவன் உழைத்துத் தேடிய பொருள்தானே. அதைக் கொடுப்பதும் கொடாததும் அவனவன் விருப்பமன்றோ என்று கேட்போர் நம்மவருள்ளும் உண்டு. இக்கேள்விக்கு விடையை நாம் நூல்களில் தேடுமுன், நாம் வாழும் பொம்மனஹள்ளியின் மாடிகளில் தேடிப் பார்ப்போமாக.

ஓசூர் சாலையை ஒட்டிய இவ்வூர் ஒரு காலத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூர். தனி நகரசபையாக இருந்து, 2007-ஆம் ஆண்டில் பெங்களூரு மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. தையல் ஆலைக்குச் செல்வோரும் கணினி நிறுவனத்திற்குச் செல்வோரும் இன்று அடுத்தடுத்த தெருக்களில் குடியிருக்கின்றனர். வயல் மறைந்தது, மாடி மிஞ்சியது. அம்மாடியில் உடைந்த வாளியிலும் பழைய அரிசி மூட்டையிலும் மண்ணிட்டுக் கீரை விதைப்போர் இப்பொழுது பலராயினர். இவர்களுக்குக் கற்பித்தவர் யார்?

பூச்சியியல் அறிஞர் டாக்டர் பி. என். விசுவநாத் அவர்கள் 1990-களிலிருந்தே இந்நகர மக்களுக்கு இரசாயனம் சேராத மாடித் தோட்ட முறையைக் கற்பித்து வந்தார். 2011-ஆம் ஆண்டு முதல், 'உன் தோட்டத்திலிருந்தே உன் உணவு' எனப் பொருள்படும் பெயருடைய 'ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா' என்னும் சந்தையைத் தோட்ட அன்பர்கள் கூடி நடத்தலாயினர். விதையும் நாற்றும் எருவும் அங்கே கிடைக்கும். அவற்றினும் மேலாக, ஐயமுற்றோர் கேட்கவும் அனுபவமுற்றோர் விடை சொல்லவும் அங்கே இடமுண்டு.

மற்றொன்றும் நிகழ்ந்தது. 2012-ஆம் ஆண்டில் மாவள்ளிபுரக் குப்பைக்கிடங்கு மூடப்பட்டபொழுது, பெங்களூருவின் தெருக்களில் குப்பை குன்றாய்க் குவிந்தது. வீட்டிலேயே குப்பையைப் பிரித்தல் வேண்டுமென உயர் நீதிமன்றமும் கட்டளையிட்டது. பிரித்த ஈரக் குப்பையை என் செய்வது? நம் பொம்மனஹள்ளிப் பகுதியைச் சேர்ந்த எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் 'ஸ்வச்சாக்ரஹ கலிகா கேந்திரா' என்னும் கற்றல் நிலையம் தன்னார்வத் தொண்டரின் முயற்சியால் எழுந்தது. சமையலறைக் கழிவு எருவாகும் பலவகை முறைகளையும் அங்கே கண்ணாரக் காணலாம்.

இவர்கள் கற்பிப்பது பெரிய இரகசியமன்று. காய்கறித் தோலின்மேல் உலர்ந்த சருகை மாறிமாறி அடுக்குக; காற்றுப் புகத் துளையிடுக; நாற்றம் எழுமாயின் ஈரம் மிகுந்ததென அறிந்து சருகைக் கூட்டுக; அசுவினி பற்றிய செடிக்கு வேப்பெண்ணெயைச் சோப்பு நீரில் கலந்து தெளிக்க என்பனவே. ஆயினும் இச்சிறு சொற்கள் கிடையாமையால் எத்தனையோ பேர் முதற் செடி பட்டவுடன், 'நமக்குக் கைராசி இல்லை' என்று சொல்லி விட்டொழித்தனர். பட்டது செடி மட்டுமன்று. ஒருவருடைய ஊக்கமும் அதனோடு பட்டது. அறிந்தவர் ஒருவர் அருகிருந்து ஒரு சொல் சொல்லியிருப்பாராயின் இரண்டும் பிழைத்திருக்கும்.

அச்சொல்லை மறைப்பதால் விளையும் கேட்டை நாம் ஆலையில் கண்டோம். நாம் இளைஞராய்த் தறிப் பகுதியில் வேலை செய்த காலத்தில், தறிகளைச் சீர்செய்யும் ஜாபர் ஒருவர் இருந்தார். கைத்திறன் மிக்கவர். ஆனால் தறி நின்றால், எம்மை அப்பால் போகச் சொல்லி, முதுகைக் காட்டிக்கொண்டுதான் அதைப் பழுது பார்ப்பார். ஒருமுறை அவர் காய்ச்சலுற்றுப் பத்து நாள் வரவில்லை. தறிகள் ஒவ்வொன்றாய் நின்றன. எமக்கோ நெய்த மீட்டர்க் கணக்கில் கூலி. அவ்வாரம் பல வீடுகளில் அடுப்பு ஒருவேளையே எரிந்தது. அவர் எவர் பொருளையும் திருடியவரல்லர். எனினும் எம் பிள்ளைகளின் சோறு அவருடைய மூடிய கைக்குள் இருந்தது.

பின்னாளில் அவரை நாம் வெறுக்கவில்லை. தொழிலைப் பிறர் கற்றுவிட்டால் தம்மை ஆலையிலிருந்து நீக்கிவிடுவர் என அவர் அஞ்சினார். மறைப்பவன் பெரும்பாலும் கொடியவனல்லன், அஞ்சியவன். ஆகலின் மறைப்பதைக் குற்றமென்பதினும், அச்சத்தால் விளைந்த நோயென்பதே பொருந்தும். பகவன் புத்தர் பெலுவ கிராமத்தில் நோயுற்றுத் தேறிய காலத்தில் ஆனந்தருக்குச் சொன்னது இங்கே நினைக்கத் தக்கது. தம்மத்தில் உள்ளென்றும் புறமென்றும் வேறுபாடு வையாமல் தாம் போதித்ததாகவும், ஆசிரியரின் மூடிய கை தம்மிடம் இல்லையென்றும் அவர் உரைத்ததாக மகா பரிநிப்பான சுத்தம் கூறுகின்றது.

இனி வேறொரு கேள்வி எழும். இலவசமாய்க் கற்பித்தால் கற்றவன் கடன்படுகிறானல்லவா. அக்கடனை எவ்வாறு தீர்ப்பது? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இதற்கு ஒரு வழி கண்டனர். வீட்டுத் தோட்டக்காரரின் கேள்விகள் பெருகி, வேளாண் விரிவாக்க அலுவலரால் விடை சொல்லித் தீராது போகவே, 1972-இல் டகோமா நகரில் ஒரு சோதனை நடத்தி, 1973-இல் பொதுமக்களுள் விருப்பமுற்றோருக்குப் பயிற்சி அளிக்கலாயினர். அவர்களுக்கு 'மாஸ்டர் கார்டனர்' எனப் பெயரிட்டனர். அவர்கள் கற்றதற்கு ஈடாக இத்தனை மணி நேரம் அயலாருக்குக் கற்பித்தல் வேண்டும் என்பதே உடன்பாடு. அம்முறை பின்னர் அந்நாடெங்கும் பரவிற்று.

இஃது ஒருவகை வாணிபமன்றோ எனச் சிலர் கேட்கலாம். அன்று. வாணிபத்தில் கடன் கொடுத்தவனுக்கே திரும்பும். இங்கோ கற்பித்தவர்க்கு ஒன்றும் திரும்பாது. இன்னும் கல்லாதவனிடமே கடன் சென்று சேர்கின்றது. நன்றியை அதற்குரியவரிடம் செலுத்திவிட்டு வாயிலை மூடிக்கொள்வது எளிது. முகமறியாத ஒருவரிடம் அதைச் செலுத்துவதே தானம்.

ஆயினும் கற்பிப்போர் அஞ்சவேண்டிய கேடொன்றுண்டு. அது செருக்கு. நம் மாடியில் தக்காளி வைத்து, நாள்தோறும் இருவேளை நீரூற்றினோம். இலைகள் மஞ்சளாகி வாடின. வாடவாட இன்னும் ஊற்றினோம். எதிர்வீட்டில் ஓர் அம்மையார் இருக்கிறார். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பிறர் வயலில் கூலி செய்து, பின் இங்கு வந்து வீட்டுவேலை செய்பவர், பள்ளி சென்றவரல்லர். அவர் தொட்டி மண்ணில் விரலை நுழைத்துப் பார்த்து, "ஐயா, செடிக்குத் தாகமில்லை, மூச்சு முட்டுகிறது. விரலில் ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் விடாதீர்கள்" என்றார். பின்னர் ஒரு பயிற்சி வகுப்பில், பட்டம் பெற்ற தொண்டர் ஒருவர் சொன்னதும் அதே சொல்தான். அவர் சொன்னபொழுது எல்லோரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். அம்மையார் சொன்னதை எழுதிக்கொண்டவர் எவருமிலர், நாமும் எழுதவில்லை. இதைச் சொல்ல வெட்கப்படுகிறோம்.

எருவைத் தொட்டதற்காகவே நம் முன்னோரை இழிந்தோரென ஊர்ப்புறத்தே ஒதுக்கி வைத்தனர். இன்று அதே எருவைச் செய்யக் கற்றோர் வரிசையில் நிற்கின்றனர். இது நன்றே; மண்ணைத் தொடுவது இழிவன்றென உலகம் இப்பொழுதேனும் உணர்கிறது. ஆனால் கையிலிருந்த எரு மட்டும் ஏற்கப்பட்டு, அதைச் சுமந்த கை இன்னும் வகுப்பின் வெளியே நிற்குமாயின், அத்தானம் பாதித் தானமே. தோட்டம் கற்பிக்கும் அன்பர்கள் தம் தெருவின் தோட்டக்காரரையும் வீட்டுவேலை செய்யும் அம்மையாரையும் அழைத்து, கேட்போர் வரிசையிலன்றிச் சொல்வோர் இருக்கையில் அமர்த்துவாராக. கூலிக்கு உழைப்பவரைக் கற்பிக்க அழைத்தால், அந்நாட்கூலியையும் கொடுத்தே அழைப்பாராக.

நம்மவர்க்குச் சொல்வது ஒன்றே. உங்களுள் ஒருவர் கொத்தமல்லி முளைக்கும் வகையை அறிவார். ஒருவர் தையல் இயந்திரத்தைப் பழுது பார்க்க அறிவார். அதை இம்மாதத்திற்குள் ஒருவருக்குக் கற்பியுங்கள். அவர் நன்றி கூறுவாராயின், நன்றியை எமக்கு வேண்டாம், அடுத்தவருக்குக் கொடும் எனச் சொல்லுங்கள். எதிர்வீட்டு அம்மையாரிடம் நாமும் மீண்டும் சென்றோம், இம்முறை குறிப்பேட்டோடு. அவர் சிரித்துவிட்டு, அவரை விதைக்கும் பட்டத்திலிருந்து தொடங்கினார்.

சகல உயிர்களும் சுகமாய் வாழ்க.