யாரிடமிருந்து கேட்டாய்?

2025 நவம்பர் 28ஆம் திகதி இரவு அம்பிட்டியவில் எங்கள் வீட்டில் மின்சாரம் இருக்கவில்லை. டித்வா சூறாவளியின் மழை ஓய்வதாயில்லை. தலாத்துஓயாப் பாதை எங்கே திறந்திருக்கிறது, எங்கே மண் விழுந்து கிடக்கிறது என்று சொல்வாரில்லை. கைத்தொலைபேசியில் உயிர் கொஞ்சம் மிச்சமிருந்தது. அப்போது ஒரு குரல் பதிவு வந்தது. அணை உடைந்துவிட்டதாம், மகாவலிக் கரையிலிருப்போர் உடனே மேட்டுக்கு ஏற வேண்டுமாம். பதறிய ஆண் குரல். என் ராத்தா மகாவலிக் கரை ஊரொன்றில் வாழ்க்கைப்பட்டவர். நான் யோசிக்கவில்லை, அனுப்பிவிட்டேன்.

அணை உடையவில்லை. ராத்தா மூன்று பிள்ளைகளோடும் மாமியோடும் இருட்டில் பின்பக்கச் சரிவில் ஏறி, உறவுக்காரர் வீடொன்றில் ஒதுங்கினார். மலையை வெட்டிக் கட்டிய வீடு அது. விடியுமுன் பின்னாலிருந்த மண் இறங்கி, குசினிச் சுவரில் மோதி நின்றது. அல்லாஹ்வின் கிருபை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சுவர் நின்றதற்கும் என் நல்லெண்ணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அந்தச் சூறாவளியில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதிகம் இழந்தது கண்டி மாவட்டம்.

மலைநாட்டில் இது வேறிடங்களைவிடச் சிக்கலானது. வெள்ளத்துக்கு அஞ்சி மேலே ஏறச் சொல்லும் செய்தியும் மண்சரிவுக்கு அஞ்சிச் சரிவை விட்டு விலகச் சொல்லும் செய்தியும் ஒரே இரவில் ஒரே தொலைபேசிக்கு வரும். ஒன்றில் பிழைத்தவர் மற்றதில் அகப்படலாம்.

நல்லெண்ணத்தோடு சொன்ன பொய்க்குச் சொன்னவர் பொறுப்பாளியா? நம்முடைய ஹதீஸ் கலை அறிஞர்கள் இதே கேள்வியை வேறொரு தேவைக்காகக் கேட்டிருக்கிறார்கள். அறிவிப்பாளர் ஒருவரிடம் அவர்கள் இரண்டு தகைமைகளைத் தேடினார்கள். ஒன்று நேர்மை, 'அதாலத்'. மற்றது கேட்டதைப் பிசகாமல் காத்துச் சொல்லும் வலிமை, 'ழப்த்'. தொழுகையாளி, பொய் பேசாதவர், ஆனால் கேட்டதைச் சரியாக வாங்கிக்கொள்ளத் தெரியாதவர் என்றால் அவருடைய அறிவிப்பைப் பலவீனமானதென்று ஒதுக்கினார்கள். அவரை அவமதிப்பதற்காக அல்ல. நல்ல மனிதன் என்பது ஒரு செய்திக்குப் போதிய சான்றல்ல என்று அவர்கள் கண்டிருந்தார்கள். அந்த அளவுகோலில் அன்றிரவு என் நேர்மைக்குக் குறைவில்லை. ழப்த் அறவே இல்லை.

கண்டி முஸ்லிம்களாகிய நாம் இதைத் திகனையிலேயே கற்றிருக்க வேண்டும். 2018 மார்ச்சில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது வெறுப்பைக் காவிச் சென்றவற்றுள் பேஸ்புக்கும் ஒன்று. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. அதில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக 2020 மேயில் அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. ஆனால் நாம் கற்ற பாடம் 'அவர்கள் வதந்தி பரப்புகிறார்கள்' என்பது மட்டுமே. நம் கைத்தொலைபேசியைப் பற்றி நாம் யோசிக்கவில்லை. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவையில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020இல் வட்ஸ்அப் கட்டுப்படுத்தியதும் உண்டு. நானும் ஒருவருக்குத்தான் அனுப்பினேன்.

காலநிலை மாற்றம் பற்றிய பேச்சு இந்தக் கையில்தான் இப்போது இருக்கிறது. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 7 வீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதுவே மழையாகக் கொட்டும்போது சரிவுகள் தாங்குவதில்லை. இந்த அறிவுக்குப் பின்னால் மழைமானிகளும் கடல் வெப்பப் பதிவுகளும் கணிப்புகளும் கொண்ட நீண்ட அறிவிப்பாளர் வரிசை இருக்கிறது. கைத்தொலைபேசிக்கு வரும்போது வரிசை அறுந்து, பயங்கரம் மாத்திரம் மிஞ்சுகிறது. விஞ்ஞானி 'சாத்தியம் அதிகம்' என்கிறார். குரல் பதிவோ 'உடைந்துவிட்டது' என்கிறது. எதை நாம் முதலில் நம்புவோம்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்று மழையை அளந்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எனப் படிப்படியாக எச்சரிக்கை விடுகிறது. அதில் கண்ணீரில்லை, ஆகவே யாரும் பகிர்வதில்லை. அது தமிழில் நேரத்துக்கு வந்து சேராதபோது அந்த வெற்றிடத்தை என்னைப் போன்றவர்கள்தான் நிரப்புகிறோம். குறை முழுவதும் என்னுடையதல்ல என்று சொல்ல எனக்கு ஆசைதான்.

மழை விட்ட பிறகு இரண்டு வகைக் காணொளிகள் வந்தன. ஒன்று எல்லாம் இறைதண்டனை என்றது. மற்றது எல்லாம் செல்வந்த நாடுகளின் புகை என்றது. இரண்டாவதில் பெரிய நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் மலையை எட்டடி செங்குத்தாக வெட்டி வீடு கட்டிய நம்மைப் பற்றி இரண்டும் பேசவில்லை. ஆகவே இரண்டும் தாராளமாகப் பகிரப்பட்டன.

ராத்தாவின் ஊர் மோதினாரிடமும் அன்றிரவு அதே பதிவு போயிருக்கிறது. ஒலிபெருக்கியில் அறிவிக்கும்படி இளைஞர்கள் நெருக்கினார்கள். மின்பிறப்பாக்கி ஓடிக்கொண்டிருந்தது. அவர் பொலிஸுக்கும் கிராம சேவகருக்கும் அழைத்துப் பார்த்தார். இணைப்புக் கிடைக்கவில்லை. அறிவிக்க மறுத்துவிட்டார். இன்று ஊரார் அவரை மெச்சுகிறார்கள். அணை உண்மையாகவே உடைந்திருந்தால்? ஒரு மஹல்லாவின் மரணம் அவருடைய கழுத்தில் இருந்திருக்கும். அவரிடம் இதைக் கேட்டேன். "அந்தப் பயம் எனக்கும் இருந்துச்சு தம்பி. தெரியாதத தெரியும்டு மைக்குல சொல்ல வாய் வரல்ல" என்றார். அவர் செய்தது சரியென்று எனக்கு முழு உறுதியில்லை. 'உறுதியில்லை, ஆனாலும் விழித்திருங்கள்' என்றாவது அறிவித்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. நானும் அப்படி ஒரு வரி சேர்த்து அனுப்பியிருக்கலாம்.

இணைப்புகள் சீரான பிறகு ராத்தா பேசினார். கோபமில்லை. "அத ஒனக்கு அனுப்பினது யாரு?" என்று மட்டும் கேட்டார். தேடிப் போனேன். எனக்கு அனுப்பியவர் கூடப் படித்த நண்பர். அவருக்கு அவருடைய மச்சான். மச்சானுக்கு மாவனல்லையிலிருந்து ஒரு வியாபாரி. வியாபாரி தன் தொலைபேசியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, எந்தக் குழுவில் வந்ததென்று நினைவில்லை, அழித்துவிட்டேன் என்றார்.