ஊத்திக்கிச்சாம்!

ஒரு சினிமாவைத் திட்ட என்ன தகுதி வேண்டும்? 'காசு கொடுத்துப் பார்த்திருக்கணும், அவ்வளவுதானே!' என்பீர்கள். ரொம்பச் சரி. ஓட்டல் சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்ல, நமக்குச் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சாப்பிட்டிருந்தால் போதும்.

சாப்பிடாதவர் திட்டினால்?

நான் திட்டியிருக்கிறேன். 2003 ஆகஸ்ட்டில் 'ஜீலி' என்றொரு ஹாலிவுட் படம் வந்தது. பென் அஃப்லெக், ஜெனிஃபர் லோபஸ் ஜோடி. ஆள் கடத்தும் அடியாள் ஒருவன், அவனைக் கண்காணிக்க வரும் ஒருத்தி, நடுவே காதல், காமெடி. நிஜத்திலும் இருவருக்கும் நிச்சயதார்த்தம் ஆகியிருந்த நேரம். பத்திரிகைகள் அவர்களைத் துரத்தித் துரத்திப் படமெடுத்துப் போட்டு, ஜனங்களுக்கே திகட்டிவிட்டது. படம் வந்ததும் விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். 2004-ல் மோசமான படங்களுக்கான 'கோல்டன் ராஸ்பெரி' விருதுகளில் ஆறு இதற்குத்தான். என் பங்குக்கு நானும் ஒரு கட்டுரையில் இரண்டு வரி நக்கலடித்தேன். படத்தைப் பார்க்காமலேயே!

உறுத்தல் பிறகுதான் வந்தது. பி.காம். படித்தவனாச்சே, கணக்கு வழியாக வந்தது. படத்தின் செலவு சுமார் ஏழரைக் கோடி டாலர். அமெரிக்க வசூல் சுமார் 60 லட்சம். அந்த வருடம் அங்கே ஒரு டிக்கெட்டின் சராசரி விலை ஆறு டாலர் சொச்சம். வகுத்துப் பாருங்கள். பார்த்தவர்கள் ஏறக்குறைய 10 லட்சம் பேர். சிரித்தவர்களோ பல கோடி. அதாவது, சிரித்தவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல டிக்கெட்டே வாங்காதவர்கள்.

சில வருடங்கள் கழித்து டி.வி.டி.யில் பார்த்தேன். படம் மோசம்தான், சந்தேகமே இல்லை. ஆனால், இயக்கியவர் பெயர் மார்ட்டின் பிரெஸ்ட் என்று வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1984-ல் 'பெவர்லி ஹில்ஸ் காப்' எடுத்தவர். 1992-ல் 'சென்ட் ஆஃப் எ வுமன்' எடுத்து, அல் பசீனோவுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தவர். 'ஜீலி'யிலோ அவருக்கும் ஸ்டூடியோவுக்கும் தகராறு. ஜோடிக்கு இருந்த மவுசைப் பார்த்து, கதையைக் காதல் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

அஃப்லெக் எழுந்துவிட்டார். அவர் இயக்கிய 'ஆர்கோ', 2013-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரே வாங்கியது. பிரெஸ்ட்? 'ஜீலி' வந்தபோது அவருக்கு வயது 51. அதற்கப்புறம் ஒரு படம்கூட இயக்கவில்லை. காரணம் நம் சிரிப்புதான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். அதில் நம் சிரிப்புக்குப் பங்கே இல்லை என்றும் சத்தியம் பண்ண முடியவில்லை.

'கோடி கோடியாய்ச் சம்பளம் வாங்குறாங்க, கொஞ்சம் கிண்டலைத் தாங்கட்டுமே சார்' என்பீர்கள். தாங்கட்டும். 'திரைக்கதை நொண்டுகிறது' என்று பார்த்தவர் சொன்னால், அது காசு கொடுத்தவரின் உரிமை. எடுத்தவருக்கும் அதில் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது. என் கிண்டலில் என்ன இருந்தது? திரைக்கதை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உயரத்தில் இருந்த இரண்டு பேர் விழுந்தார்கள் என்கிற குஷி, அது மட்டும்தான். பக்கத்து வீட்டுப் பையன் ப்ளஸ் டூவில் கோட்டை விட்டால் சிலர் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வருமே, அதே குஷி. நேரில் காட்டினால் அசிங்கம். நட்சத்திரங்கள் என்றால் நகைச்சுவை உணர்வு!

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. 'படம் ஊத்திக்கிச்சாம்' என்கிறோம். அந்தக் கடைசி 'ஆம்' இருக்கிறதே, ரொம்ப நேர்மையான எழுத்து. 'நான் பார்க்கலை, சொல்லக் கேட்டேன்' என்று அது ஒப்புக்கொண்டுவிடுகிறது. நான் எழுதிய இரண்டு வரியில் அந்த 'ஆம்' இல்லை.

இப்போதெல்லாம் யாரைப் பற்றி எழுதினாலும், பேனாவை மூடுவதற்கு முன் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்களேன்.