விற்பவன் மௌனம்

பொய் சொல்லலாகாது என்பதை மறுப்பார் ஒருவருமிலர். ஆனால், கேளாத கேள்விக்கு விடை கூறாதிருப்பதும் பொய்யாகுமோ? வாணிகத்தில் நாள்தோறும் எழும் இவ்வினாவை, பழைய கடைசல் இயந்திரம் ஒன்றின் விற்பனையை முன்வைத்து ஆராய்வோம்.

பட்டறைகளில் லேத் என வழங்கும் இவ்வியந்திரம், சுழலும் இரும்பை உளியால் சீவி உருக்கொடுப்பது. செம்பனை ஆலையின் அச்சுத்தண்டோ, பம்பின் புஷ்ஷோ தேய்ந்துபோனால் புதிது கடைந்து தருவது இதுவே. தோட்டத்தில் பிறந்து தொழில் பயின்ற இளைஞன், தாயின் நகையை அடகுவைத்துச் சொந்தப் பட்டறை தொடங்க நினைக்கும்பொழுது, புதியதை வாங்க வழியின்றிப் பழையதையே நாடுகிறான்.

பழமை குற்றமன்று. பேணி வைத்த லேத் ஒரு மனிதனின் உழைப்புக் காலத்தைக் கடந்தும் உழைக்கும். ஆனால் அதன் நோய் மறைவானது. உளியைத் தாங்கும் வண்டி ஓர் இரும்புப் பாதையின்மீது நகர்கிறது. வேலையில் பெரும்பகுதி சக்குக்கு அருகிலேயே நடப்பதால் பாதை அவ்விடத்தில் தேய்கிறது; மறுகோடியோ புதிதுபோலிருக்கும். தேய்ந்த பாதையில் கடைந்த தண்டு ஒருபுறம் பருத்தும் மறுபுறம் சிறுத்தும் போகும். வேறுபாடு மயிரிழையேயாதலின் கண்ணுக்குப் புலனாகாது. பல் உடைந்த சக்கரம் மூடிக்குள் ஒளிந்திருக்கும். அதன் இரைச்சலைக் கெட்டியான கிரீஸ் அடக்கிவிடும். மேலே வர்ணம் பூசிவிட்டால் முப்பது வயது மூன்று வயதாகிவிடும்.

“வாங்குபவன் சோதித்துக் கொள்ளட்டுமே! நாம் பொய் சொன்னோமா?” என்பர் சிலர். சட்டமும் ஓரளவு அவர் பக்கமே நிற்கிறது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில், குதிரை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. நோயுற்றதென அறிந்தும் வாய்திறவாமல் ஏலத்தில் விற்றவன் மோசடி செய்தவனாகான். ஆனால் வாங்குபவள் அவனுடைய மகளாயிருந்து, அப்பொழுதுதான் உரிய வயதை அடைந்தவளாயின், உண்மையைச் சொல்வது அவன் கடமையாகும். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்திலும் இவ்வெடுத்துக்காட்டுகள் உண்டு.

மகளுக்கு உண்டான உரிமை அயலானுக்கு ஏன் இல்லை? மகள் நம்பி வருகிறாள். தானே ஆராயும் அனுபவமும் அவளுக்கில்லை. “அண்ணே” என்றழைத்து நம்பிக்கையோடு வரும் தோட்டத்து இளைஞனின் நிலை இதனின் வேறா? சட்டம் இரத்த உறவைப் பார்க்கலாம். அறம் நம்பிக்கையைப் பார்க்கவேண்டும்.

இவ்வழக்கு மிகப் பழையது. குறையுள்ள வீட்டை விற்பவன் அதனை வெளியிட வேண்டுமா என்பதில் டயோஜீனஸ், ஆன்டிபேட்டர் என்னும் கிரேக்க அறிஞர் இருவர் மாறுபட்டனர். சொல்லாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்றார் ஆசிரியர். எல்லாவற்றையும் சொல்லியே தீரவேண்டும் என்றார் மாணவர். கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி நூல் எழுதிய ரோமானியர் சிசரோ, மாணவர் பக்கமே தீர்ப்பளித்தார். நாமும் அப்பக்கமே நிற்கிறோம்.

லேத்தின் விஷயத்தில் இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. வீட்டின் குறை பெரும்பாலும் அதில் குடியிருப்போரோடு நிற்கும். லேத்தோ பிற இயந்திரங்களைப் பெற்றெடுக்கும் தாய். 1800ஆம் ஆண்டையொட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே திருகாணி கடையும் லேத்தைச் செம்மைப்படுத்தியதால், ஒன்றுபோலொன்று அமைந்த திருகாணிகளைச் செய்வது எளிதாயிற்று. செம்மை பரவுவதுபோலவே கோணலும் பரவும். அளவு தவறிய தண்டு எங்கோ ஓர் ஆலையில் சுழலும். அதனருகே நிற்கும் தொழிலாளி இப்பேரத்தில் கலந்துகொண்டவனா? அவனுடைய கையையும் காலையும் பணயம் வைக்க விற்றவனுக்கு உரிமை தந்தவர் யார்?

குறையைச் சொன்னால் விலை குறையும் என்பது மெய்யே. ஆனால் கரடுமுரடான வேலைக்குத் தேய்ந்த லேத்தும் போதும். பழுது பார்க்கத் தெரிந்தவன் அதனைச் செப்பனிட்டும் கொள்வான். உண்மை வாணிகத்தைக் கெடுப்பதில்லை. பொருளை அதற்குத் தக்கவனிடம் சேர்க்கிறது.

இக்கடமை விற்பவனுக்கு மட்டுமோ? கணவனை இழந்த மாது ஒருத்தி, மாற்றுச் சக்கரங்களும் அளவுக் கருவிகளும் நிறைந்த பெட்டியைப் பழைய இரும்பென்று நிறுத்துப் போடுகிறாள். மதிப்பறிந்து வாய்மூடி வாங்குபவனும் அதே குற்றத்தையே செய்கிறான். வள்ளுவர் வாணிகரின் ஒழுக்கத்தை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்திலேயே வைத்தார் என்பது நினைக்கத்தக்கது. அறிந்தவன் அறியாதவனுக்குக் கடன்பட்டவன். துலாக்கோலின் எப்பக்கம் நின்றாலும் இக்கடன் மாறாது.

ஆகவே, விற்போர் எங்கே தேய்ந்தது, எது உடைந்தது, எது காணாமற் போயிற்று என்பனவற்றைக் கேளாமலே கூறுவாராக. வாங்குவோர், ஒரு தண்டை எதிரிலேயே கடையச் செய்து, மைக்ரோமீட்டரால் இருமுனையும் அளந்து பார்ப்பாராக. அதன்பின், “நீங்கள் மறுக்காவிட்டால் குறையில்லை என்றே கொள்வேன்” எனச் சாட்சியின் முன்னிலையில் கூறுவாராக. அதன்பிறகு விற்பவன் மௌனம் பேச்சுக்குச் சமம் என்று அதே சட்டப் பிரிவின் மற்றோர் எடுத்துக்காட்டு உரைக்கிறது. சட்டம் கேட்டவனுக்குத் தரும் இப்பாதுகாப்பை, கேட்கத் தெரியாதவனுக்குத் தாமாகவே தருபவரே நல்ல வாணிகர்.