அந்திம ஸ்மரணை

விளாங்குடியில் ஒரு மூதாட்டி, மார்பகப் புற்றுநோய் எலும்பு மஜ்ஜை வரை பரவி, இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குன்றியதனால் மூளையைப் போர்த்திய உறைக்கு அடியில் உதிரம் கசிந்து தேங்க, ஆயுள் முழுதும் நாவில் நின்ற நாராயண நாமத்தை மறந்து, போர்வையின் கரையை விரல்களால் ஓயாமல் நெருடியபடி கிடந்தார். பெற்ற மகளையே யாரென்று வினவினார். "கடைசி நேரத்தில் பெருமாள் பேர் வாயில் வரவில்லையே, அம்மாவுக்கு என்ன கதி?" என்று அந்த மகள் என்னிடம் கேட்டாள்.

உயிர் பிரியும் வேளையின் நினைவாகிய அந்திம ஸ்மரணையே மறுமையை நிர்ணயிக்கும் என்னும் கீதையின் 8-ஆம் அத்தியாயத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அற்பமான பயமன்று. மண்டையோட்டில் துளையிட்டுத் தேங்கிய உதிரத்தை வடித்தால் சிலருக்கு நினைவு மீள்வதுண்டு. தட்டணுக்கள் குன்றியவர்க்கோ அச்சிகிச்சையே அபாயம்.

ஆயினும், மதுரையில் பாண்டியன் சபையிலே பரதத்துவத்தை நிலைநாட்டியவர் என்று வைஷ்ணவ சம்பிரதாயம் போற்றும் பெரியாழ்வார், உயிர் பிரியும் வேளையில் தம்மால் நினைக்க இயலாது போகும் என்றுணர்ந்து, புத்தி தெளிந்திருக்கும்போதே அரங்கனிடம் விண்ணப்பம் செய்து வைத்தாரல்லவா? வராஹப் பெருமானின் வாக்காகப் போற்றப்படும் வராஹ சரம சுலோகமோ, கட்டைபோலும் கல்போலும் கிடக்கும் பக்தனை நினைக்கும் பொறுப்பைப் பகவானே ஏற்பதாக உரைக்கிறது. ஸ்மரணையின் பாரம் ஜீவனை விட்டு ஈசுவரனைச் சேர்ந்துவிடுகிறது. சமய நூல்களில் இதனினும் கருணை மிக்க சித்தாந்தத்தை நான் அறியேன்.

கையில் தோன்றிய புற்றுநோயால் 1950 ஏப்ரல் 14 அன்று சரீரம் நீத்த ரமண மகரிஷியின் இறுதிவேளைத் தெளிவைக் காட்டி, மூளையே நசுங்கியவர்களின் பக்தியை எடை போடுவது தர்மமாகாது. துக்கம் விசாரிக்கச் செல்வோரே, கடைசி வார்த்தை என்னவென்று அவ்வீட்டாரைக் கேளாதீர்கள்.