கூடப் படித்தவனும் நம் அளவுகோலும்



பட்டம் பெற்றுப் பத்து ஆண்டு கழிந்தபின், ஒரே வகுப்பில் படித்தவர்கள் ஓரிடத்தில் கூடுவது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. பழைய சிநேகத்தைப் புதுப்பிப்பது நல்ல காரியமே. ஆனால் அங்கே முதல் அரைமணி நேரத்தில் எழும் கேள்விகளைச் சற்றுக் கவனியுங்கள். இப்போது எந்தக் கம்பெனி? எந்த ஊர்? என்ன பதவி? சொந்த வீடா, வாடகையா? பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம்? கேட்கிறவன் நலம் விசாரிப்பதாகத் தோன்றும். உள்ளுக்குள் அவன் அளந்துகொண்டிருக்கிறான். நண்பனை அளக்கும் அதே கோலால் தன்னையும் அளந்துகொள்கிறான். அந்தக் கோல் சரியானதுதானா என்பதே இவ்வாரம் நாம் ஆராய வேண்டிய கேள்வி.

வணிக நிர்வாகம் படித்தவர்களிடம் இச்சோதனை மிகக் கூர்மையாக வருகிறது. அப்படிப்பை நான் இகழவில்லை. நம் சேசு சபைக் குருக்களே 1949-ல் ஜாம்ஷெட்பூரிலும், 1979-ல் சென்னை லயோலாவிலும் அதற்கென்று கல்விச்சாலை நிறுவினார்கள். கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் 1961-ல் அரசாங்கமே அத்தகைய நிலையங்களைத் தொடங்கிற்று. நம் பங்குகளிலிருந்தும் பிள்ளைகள், பெற்றோர் வாங்கிய வங்கிக் கடனோடு எம்.பி.ஏ. படிக்கப் போகிறார்கள். முதல் எவ்வளவு, இலாபம் எவ்வளவு என்று அளக்கக் கற்பது அத்தொழிலுக்கு அவசியம். ஆனால் கம்பெனிக்காரர் கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கும் அந்த வாரத்தில், யாருக்கு எத்தனை இலட்சம் சம்பளம் என்பது விடுதி முழுவதும் தெரிந்துவிடுகிறது. கம்பெனியை அளக்கக் கற்ற கோல், அன்றே மனிதரை அளக்கும் கோலாகிவிடுகிறது.

இதற்கு ஓர் உண்மை உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் 1908-ல் தொடங்கிய ஹார்வர்டு வணிகக் கல்லூரி, தன் பழைய மாணவரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அழைத்துக் கூட்டுகிறது. அங்கே 1979-ல் பட்டம் பெற்றவர் கிளேட்டன் கிறிஸ்டென்சன். பின்னாளில் அக்கல்லூரியிலேயே பேராசிரியராக இருந்து 2020-ல் காலமானார். மோர்மன் சபையைச் சேர்ந்தவர். நம் திருச்சபையினர் அல்லர். எனினும் கடவுளுக்கு அஞ்சி நடந்த குடும்பஸ்தர். புற்றுநோயால் வருந்திய 2010-ஆம் ஆண்டில், பட்டம் பெற்று வெளியேறும் மாணவருக்கு அவர் ஓர் உரை நிகழ்த்தினார். 2012-ல் அது புத்தகமாகவும் விரிந்தது. தம் வகுப்பினரைப் பற்றி அவர் கண்டது இது: ஐந்தாம் ஆண்டுக் கூட்டத்தில் எல்லாரும் செழிப்பாகவே இருந்தார்கள். பத்தாம் ஆண்டுக் கூட்டத்துக்கோ, அவர் ஆவலோடு எதிர்பார்த்த சிலர் வரவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது: சிலருடைய இல்லறம் முறிந்திருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல, மனைவியைப் பிரிந்தவரும், தம் சொந்தப் பிள்ளைகளுக்கே அந்நியராகிப் போனவரும் பெருகினார்கள். பட்டம் வாங்கிய நாளில் அவர்களில் ஒருவராவது, என் குடும்பத்தை உடைக்கப் போகிறேன் என்று திட்டமிட்டிருப்பாரா?

அதே வகுப்பில் படித்த இன்னொருவர் ஜெஃப்ரி ஸ்கில்லிங். பத்தாம் ஆண்டாகிய 1989-ல் அவரை அளந்தவர் எவரும், பெயர்பெற்ற ஆலோசனை நிறுவனமொன்றில் உயர்ந்த நிலையில் இருப்பவர் என்றே மெச்சியிருப்பார். அவர் பின்னர் தலைமை தாங்கிய என்ரான் கம்பெனி 2001-ல் திவாலாயிற்று. 2006-ல் மோசடிக் குற்றங்களுக்காக அவருக்கு 24 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2013-ல் அது 14 ஆண்டாகக் குறைக்கப்பட்டு, 2019-ல் அவர் விடுதலையானார். அவரைத் தீர்ப்பிடுவது நம் வேலையன்று. அவருடைய ஆத்துமத்தின் கணக்கும் இன்னும் முடியவில்லை. பத்தாம் ஆண்டில் போட்ட கணக்கு பாதிக் கணக்குத்தான் என்பதைக் காட்டவே இதைச் சொன்னேன்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். இவ்வளவும் வாசித்தபோது உங்கள் மனதில் என்ன எழுந்தது? பெரிய படிப்புப் படித்தவர்கள், பணம் சம்பாதித்தவர்கள், ஆனாலும் நிம்மதி இல்லை. நாம் பரவாயில்லை என்று இலேசாக ஓர் ஆறுதல் எழுந்ததா? எழுந்திருந்தால் அதைக் கூர்ந்து பாருங்கள். சிறுவயதில் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழில் ஒன்று காய்மகாரம். அர்ச். பெரிய கிரகோரியார் அதற்குப் பிறக்கும் பிள்ளைகளை எண்ணும்போது, பிறனுடைய கேட்டில் மகிழ்வதையும் அவற்றுள் சேர்த்திருக்கிறார். பணக்காரன் வீட்டில் சமாதானம் இல்லை என்று கேட்டுக் குளிரும் ஏழையும் அந்த நோயாளிதான். அளவுகோலை அவன் கீழே போடவில்லை. தலைகீழாகப் பிடித்திருக்கிறான், அவ்வளவே.

காய்மகாரம் என்பது பிறனுடைய நன்மை நம் பெருமையைக் குறைப்பதாக எண்ணி வருந்துவது என்கிறார் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ். அது எட்டாத தூரத்தில் இருப்பவர்மேல் எழுவதில்லை, தனக்குச் சமமானவன், கிட்டியவன்மேலேயே எழும் என்றும் அவர் விளக்குகிறார். எவ்வளவு உண்மை! எங்கோ ஒரு கோடீசுவரன் மாளிகை கட்டினால் நமக்குத் தூக்கம் கெடுவதில்லை. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, நம் நோட்டைப் பார்த்து எழுதியவன் கார் வாங்கினால்தான் கெடுகிறது. அவனும் நானும் ஓரிடத்தில்தானே புறப்பட்டோம் என்று மனம் வழக்காடுகிறது. நட்பு எங்கே முளைக்கிறதோ அங்கேயே இந்தக் களையும் முளைக்கிறது.

அப்படியானால் முன்னேற முயல்வதே பாவமோ என்று இளைஞர் கேட்கலாம். அன்று. அவனிடம் இருக்கிறதே என்று வருந்துவது வேறு. அந்த நன்மை என்னிடம் இல்லையே என்று வருந்தி முயல்வது வேறு. நற்குணங்களைக் குறித்து அவ்வாறு முயல்வது புகழத்தக்கது என்றே அதே வேதபாரகர் போதிக்கிறார். நண்பனுடைய உழைப்பையும் நேர்மையையும் கண்டு நாமும் உழைப்போமானால், அவனால் நாம் உயர்கிறோம். அவன் தாழ வேண்டும் என்ற ஆசை அங்கே இல்லை.

ஆண்டவரோ வேறொரு கோலைக் காட்டினார். தாலந்து உவமையை நினைத்துப் பாருங்கள். ஒரு தாலந்து ஏறக்குறைய 6000 தெனாரியம். ஒரு தெனாரியம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஆகவே ஒரே தாலந்து பெற்றவன் கையிலும் இருபது ஆண்டுக் கூலி இருந்தது. ஒன்றுமில்லாதவன் என்று அவன் முறையிட இடமில்லை. ஐந்து தாலந்தைப் பத்தாக்கினவனுக்கும், இரண்டை நான்காக்கினவனுக்கும் எஜமான் சொன்ன புகழ்ச்சியை அர்ச். மத்தேயுவின் சுவிசேஷத்தில் ஒப்பிட்டு வாசியுங்கள். ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. எத்தனை தாலந்து என்பதை அவர் பார்க்கவில்லை, பிரமாணிக்கத்தைப் பார்த்தார்.

கூடப் படித்தவர்கள் என்ற பேச்சுக்கு மிகவும் பொருந்தும் காட்சி அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. இராயப்பரும் அருளப்பரும் ஒரே கடலில் வலை போட்டவர்கள். ஒரே குருவின் காலடியில் பயின்றவர்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் இராயப்பரிடம், அவருக்கு வரப்போகும் மரணத்தைக் குறித்துச் சொன்னார். உடனே இராயப்பர் திரும்பி அருளப்பரைப் பார்த்து, இவனுடைய காரியம் என்ன ஆகும் என்று கேட்டார். அப்போஸ்தலர்களின் தலைவருக்கும் அந்தக் கேள்வி வந்தது! அது உன்னைச் சேர்ந்த காரியமல்ல, நீ என் பின்னே வா என்ற கருத்தில் ஆண்டவர் பதில் கூறினார். இராயப்பர் ரோமாபுரியில் சிலுவையில் மாண்டார். அருளப்பர் எபேசுவில் முதிர்வயதில் மரித்தார் என்பது பாரம்பரியம். ஒரே வகுப்பு, இரண்டு முடிவு, இருவரும் அர்ச்சியசிஷ்டர். இதற்குச் சற்றுமுன் ஆண்டவர் இராயப்பரைச் சோதித்த கேள்வியையும் மறவாதீர்கள். எத்தனை மீன் பிடித்தாய் என்று கேட்கவில்லை. என்னை நேசிக்கிறாயா என்றே மும்முறை கேட்டார்; நேசிப்பதாகச் சொன்னவரிடம் தம் ஆடுகளை ஒப்படைத்தார். நேசத்துக்குக் கணக்கு, நம் பொறுப்பில் விடப்பட்டவர்களிடத்தில்தான் பார்க்கப்படுகிறது.

ஆகையால் பெற்றோரே, உங்கள் மகனிடமோ மகளிடமோ, கூடப் படித்தவர் எவ்வளவு வாங்குகிறார் என்று சாப்பாட்டு வேளையில் கேட்பதை விட்டுவிடுங்கள். நீங்கள் ஆசைக்குக் கேட்கிறீர்கள்; பிள்ளையின் காதிலோ, நீ போதாது என்றே விழுகிறது. அந்தச் சொல்லுக்குப் பயந்தே எத்தனையோ பேர் இரவு பத்து மணிவரை அலுவலகத்தில் கிடந்து, தம் குழந்தை தூங்கியபின் வீடு திரும்புகிறார்கள்.

இளைஞரே, கூட்டத்துக்குத் தாராளமாகப் போங்கள். போகுமுன் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். உங்களைவிட உயர்ந்திருக்கும் ஒருவன் கையைப் பிடித்து, உன் வளர்ச்சி எனக்குச் சந்தோஷம் என்று மனதாரச் சொல்லுங்கள். முதலில் வாய் கூசும், சொல்லச் சொல்ல மனமும் கூட வரும். உங்களைவிடத் தாழ்ந்திருப்பவன் முன்னிலையில் உங்கள் சம்பளத்தைப் பேசாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வராதவன் யார் என்று பாருங்கள். வேலை போயிருக்கலாம், வீட்டில் பிரிவினை இருக்கலாம், காட்ட ஒன்றுமில்லை என்று வெட்கப்பட்டு இருந்துவிட்டிருக்கலாம். அன்றிரவே அவனுக்குப் போன் செய்யுங்கள். என்னவாக இருக்கிறாய் என்று கேளாமல், எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள். அவன் பேசி முடிக்கும்வரை பொறுமையாய்க் கேட்டுக்கொண்டிருங்கள்.

இவ்வாரம் ஆத்தும சோதனை செய்யும்போது, யாருடைய நன்மை என்னை வருத்திற்று, யாருடைய துன்பம் எனக்கு இனித்தது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதில் கிடைத்தால் மறைக்காமல் பாவசங்கீர்த்தனத்தில் கொண்டுவாருங்கள். சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு