ராஜுவும் சுவாமியும்: கதைமாந்தரின் பல பெயர்கள்

பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், நண்பர்கள் வைத்த பட்டப்பெயர், ஊரார் கொடுத்த மரியாதைப் பெயர் என்று ஒரே ஆள் ஒரு நாவலுக்குள் நான்கைந்து பெயர்களோடு நடமாடுவதுண்டு. எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் உத்தியாகவே பார்க்கிறார்கள். பேச்சு இயல்பாக இருக்க வேண்டும், வாசகர் குழம்பக் கூடாது என்பதோடு அவர்கள் கவலை முடிந்துவிடுகிறது. ஆனால் இந்த உத்திக்கு அடியில் பழைய தத்துவக் கேள்வி ஒன்று இருக்கிறது. பெயர் மாறும்போது ஆள் மாறுகிறாரா? எல்லாப் பெயர்களுக்கும் பின்னால் மாறாத ஒருவர் உண்டா, அல்லது அந்தப் பெயர்களும் அவற்றோடு சேர்ந்த செயல்களும்தான் அந்த ஆளா? பௌத்தரும் நியாய மரபைச் சேர்ந்த நையாயிகரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட இந்தக் கேள்வியை இருபதாம் நூற்றாண்டில் கதையாக்கிக் காட்டியவர் ஆர்.கே. நாராயண். அவருடைய முதல் கதைமாந்தன் உருவான ஊர் பெங்களூரு.

1930ஆம் ஆண்டு, பாட்டி நல்ல நாள் பார்த்துச் சொன்ன ஒரு தினத்தில், பெங்களூரில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தம் முதல் நாவலின் முதல் வரியை எழுதினார் நாராயண். மால்குடி என்ற சிறு ரயில் நிலையமும், அதன் நடைமேடையில் ஓடும் சுவாமிநாதன் என்ற பையனும் ஒன்றாகவே மனத்தில் வந்ததாக 1974இல் வெளியான தன்வரலாற்றில் சொல்கிறார். ஊரும் ஆளும் பெயரோடுதான் வந்திருக்கின்றன. அந்தப் பெயர்களுக்குக் காரணம் எதையும் அவர் அங்கே சொல்லவில்லை. மல்லேஸ்வரத்தையும் பசவனகுடியையும் சேர்த்தால் மால்குடி என்று பெங்களூர்க்காரர்கள் சொல்லும் விளக்கம் பிறகு வந்தது. காரணமில்லாமல் ஒரு பெயர் இருப்பதை மனம் எளிதில் ஏற்பதில்லை என்பதற்கு அந்த விளக்கமே சான்று.

1935இல் லண்டனில் வெளியான ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ நாவலில் கதை சொல்லும் குரலுக்கு அந்தப் பையன் சுவாமிநாதன். நண்பர்களுக்கு அவன் சுவாமி. போலீஸ் அதிகாரியின் மகன் ராஜம் வகுப்புக்கு வந்த பிறகு, அவன் பின்னாலேயே சுற்றுவதால் பழைய நண்பர்கள் சுவாமிக்கு ‘வால்’ என்று பெயர் வைக்கிறார்கள். சாமுவேல் உருவத்தில் சிறியவன் என்பதால் அவனுக்குப் பட்டாணி என்று பெயர். சாமுவேல் வருத்தப்படுவதில்லை, அந்தப் பெயர் அவன் உயரத்தை மட்டும் சொல்கிறது. ‘வால்’ சுவாமியைச் சுடுகிறது. காரணம், அது அவன் செய்த ஒன்றைச் சொல்கிறது, அதோடு நட்பு முறிந்ததையும் அறிவிக்கிறது.

இந்த வேறுபாட்டைத் தமிழ் இலக்கணம் எப்போதோ வகுத்து வைத்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில், கங்க மரபைச் சேர்ந்த சீயகங்கன் ஆதரவில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கிறது. காரணமின்றி இட்டு வழங்குவது இடுகுறி. ஒன்றின் தன்மையோ செயலோ பற்றி வருவது காரணப்பெயர். சுவாமிநாதன் என்பது அவனைப் பொறுத்தவரை இடுகுறி போலத்தான். குழந்தை பிறந்ததும் இட்டுவிட்டார்கள். அவன் எப்படிப்பட்டவன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பட்டப்பெயர் அவனைப் பார்த்த பிறகு வருவது. ஆகவே பட்டப்பெயரில் எப்போதும் ஒரு தீர்ப்பு இருக்கிறது, தீர்ப்புச் சொன்னவரின் முகமும் இருக்கிறது. இதை மறந்து, சுவைக்காக மட்டும் ஒரு பாத்திரத்துக்குப் பட்டப்பெயர் வைக்கும் கதையில் அது ஒட்டாமல் நிற்கும்.

மகாபாரதம் இதை முற்றிலும் அறிந்த நூல். விராட பருவத்தில், பேடி வேடத்திலிருக்கும் பிருகன்னளை ‘நானே அர்ஜுனன்’ என்றதும் உத்தரன் நம்புவதில்லை. அர்ஜுனனுக்குப் பத்துப் பெயர்கள் உண்டே, அவற்றைச் சொல் என்கிறான். பெயர்களைச் சொன்ன பிறகும் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்கிறான். தனஞ்சயன், கிரீடி, சவ்யசாசி என்று ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு செயலோ நிகழ்ச்சியோ வருகிறது. பெயர்களை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். காரணங்களோடு சொல்லும்போதுதான் ஆள் நிரூபணமாகிறார். கர்ணனின் நிலை இதற்கு நேர் எதிர். வளர்த்தவர்கள் இட்ட பெயர் வசுசேனன். வளர்ப்புத் தாயின் அன்பால் அவன் ராதேயன், இகழ்பவர்களுக்குச் சூதபுத்திரன். குந்தியின் மகன் என்ற பெயரால் தம்பியர் அவனை அவன் உயிரோடிருந்தவரை அழைக்கவே இல்லை. போர் முடிந்து குந்தி சொன்ன பிறகுதான் அந்தப் பெயர் அவனுக்கு வந்து சேர்கிறது, அதைக் கேட்க அவன் இல்லை. கன்னடத்தில் பம்பன் 941ஆம் ஆண்டளவில் பாரதத்தை எழுதியபோது, தன்னை ஆதரித்த அரிகேசரியை அர்ஜுனனாகவே பாவித்து அரசனின் பெயர்களால் பாண்டவனை அழைத்தான். ஒரு பெயரை இன்னொருவர் மேல் சார்த்தினால் புகழும் கூடவே நகரும் என்பது அவன் கணக்கு.

சமய மரபில் இந்தப் பல்பெயர் முறை வழிபாடாகவே ஆகியிருக்கிறது. அனுசாசன பருவத்தில் பீஷ்மர் தருமனுக்குச் சொல்லும் விஷ்ணுவின் ஆயிரம் பெயர்களைக் குணங்களிலிருந்து பிறந்தவை என்று அந்த நூலே அறிமுகம் செய்கிறது. அவற்றில் சில பெயர்கள் மீண்டும் வருகின்றன. உரையாசிரியர்கள் அதைக் குறையாக எண்ணாமல், மறுமுறை வரும்போது வேறு பொருள் உரைக்கிறார்கள். ஒருவனை முழுமையாகச் சொல்ல ஒரு பெயர் போதாது, ஆனால் எத்தனை பெயரிட்டாலும் அவன் ஒருவனே என்பது இதன் அடிப்படை. விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒரே கோள்தான், இருந்தும் இரண்டு பெயர்களும் ஒரே அறிவைத் தருவதில்லை என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஃப்ரேகே 1892இல் காட்டியதும் இதற்கு அருகில் வருகிறது.

பெயர்களுக்குப் பின்னால் மாறாத ஒருவர் உண்டு என்பதைப் பௌத்தர் ஏற்பதில்லை. மிலிந்த பன்ஹா என்ற பௌத்த நூலில், பெயர் கேட்ட கிரேக்க மன்னனிடம் துறவி நாகசேனர், தம்மை நாகசேனர் என்று அழைக்கிறார்கள், அது வழக்குக்கான குறி மட்டுமே, அதற்குள் ஓர் ஆள் இல்லை என்கிறார். சக்கரம், அச்சு, நுகம் ஆகியவை கூடிய இடத்தில் தேர் என்ற பெயர் வழங்குவது போல என்று விளக்குகிறார். நியாய மரபு இதை மறுக்கிறது. கண்ணால் கண்ட பொருளையே கையால் தொட்டு, முன்பு கண்டதுதான் இது என்று ஒருவர் அறிய முடிகிறது. எனவே காண்பதற்கும் தொடுவதற்கும் பொதுவாக நிலைத்த ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

1958இல் வெளிவந்து 1960இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாராயணின் ‘தி கைடு’, இந்த இரண்டு கட்சிகளையும் ஒரே மனிதனுக்குள் வைத்துப் பார்க்கும் நாவல். மால்குடி ரயில் நிலையத்தில் கடை வைத்திருந்த ராஜு, பயணிகளுக்கு வழி சொல்லிச் சொல்லி ரயில்வே ராஜு ஆகிறான். ஊருக்குப் புதிதாக வருபவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவனைத் தேடுகிறார்கள். குகைகளை ஆராய வந்த ஒருவரின் உடுப்பைப் பார்த்து, அவருக்கு மார்கோ போலோவின் நினைவாக மார்கோ என்று பெயர் வைத்துவிடுகிறான். அந்த மனிதரின் உண்மைப் பெயர் நாவலில் வருவதே இல்லை. தன் மனைவியின் நடனத்தைக் காண மறுத்த அந்தக் கணவரை ராஜுவின் கண் வழியாக மட்டுமே வாசகர் பார்க்க முடிகிறது. அவருக்கு நியாயம் கிடைத்ததா என்று கேட்க அந்தப் பட்டப்பெயர் இடம் தருவதில்லை. அவர் மனைவி ரோஸி, ராஜுவின் ஏற்பாட்டில் மேடை ஏறும்போது நளினி ஆகிறாள். கடைசியில் ராஜு சிறைக்குப் போவது ரோஸியின் கையெழுத்தைத் தானே போட்டதற்காக. பிறருக்குப் பெயர் வைத்துப் பழகிய கை, பிறர் பெயரை எழுதியதால் மாட்டிக்கொள்கிறது.

விடுதலையாகி ஆற்றங்கரைக் கோயிலில் உட்கார்ந்திருப்பவனை வேலன் என்ற கிராமத்தான் சுவாமி என்று அழைக்கிறான். இந்தப் பெயரை ராஜு தேடிப் போகவில்லை, மறுக்கவும் இல்லை. சோறு கிடைக்கிறது, இருந்துவிடுகிறான். ஒரு சொல் பிசகாகப் போய்ச் சேர்ந்து, மழைக்காகச் சுவாமி உண்ணாநோன்பு இருக்கப் போகிறார் என்று ஊர் நம்பிய பிறகு, தப்பிக்க எண்ணித் தன் கதை முழுவதையும் வேலனிடம் ஒளிக்காமல் சொல்கிறான். கேட்டு முடித்த வேலன் அப்போதும் அவனைச் சுவாமி என்றே அழைக்கிறான். நாவலின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. பெயருக்கான காரணம் பொய் என்று தெரிந்த பிறகும் பெயர் உதிரவில்லை. காரணப்பெயர் காரணத்தை முந்திக்கொண்டு வந்துவிட்டது. இனிக் காரணத்தை உண்டாக்குவது ராஜுவின் பொறுப்பு. நோன்பு நாட்கள் ஏற ஏற, முதன்முறையாகத் தனக்கென்று எதுவும் வேண்டாத ஒரு செயலில் அவன் முழு மனத்தோடு இறங்குகிறான்.

பெயர்களைக் கையாள்வதில் எழுத்தாளர் கற்க வேண்டியதும் இங்கே இருக்கிறது. வேலனுக்கு அவன் சுவாமி, தன் கதையைச் சொல்லும்போது அவன் வெறும் ‘நான்’, கதை சொல்லும் குரலுக்கு அவன் ராஜு. அழைப்பவர் மாறும்போது பெயர் மாறலாம், மாறத்தான் வேண்டும். சுஜாதா பெங்களூரில் பணியாற்றிய காலத்திலும் தொடர்ந்து எழுதிய கணேஷ்–வசந்த் கதைகளில், வசந்த் வாய்க்குக் கணேஷ் எப்போதும் ‘பாஸ்’தான், அந்த ஒரு விளியிலேயே இருவரின் உறவும் தெரிந்துவிடும். ஆனால் கதைசொல்லியின் பெயர் நிலையாக இருக்க வேண்டும். ஒரே பத்தியில் ராஜு, வழிகாட்டி, முன்னாள் கைதி என்று அலங்காரத்துக்காக மாற்றிக்கொண்டே போனால், யார் பார்வையில் கதை நிற்கிறது என்பது கலைந்துவிடும். புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் ஒரு குடும்பத்துக்குள் உறவுக்காரப் பெரியவராக வந்து தங்குகிறார், வீட்டுக் குழந்தைக்குத் தாத்தா ஆகிறார். கதைசொல்லி மட்டும் கடவுள் என்றே சொல்லிக்கொண்டு போகிறார். அந்த நிலைத்த பெயரால்தான் மற்றப் பெயர்களின் அன்பும் அபத்தமும் புலப்படுகின்றன.

‘தி கைடு’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. நோன்பின் முடிவை ஒட்டிய ஒரு காலை, கால்கள் தளர்ந்து ஆற்றுநீரில் நிற்பவரைக் கரையில் கூடியிருக்கும் கூட்டம் மகானாகக் காண்கிறது. மலையில் மழை பெய்வதாக அவர் சொல்கிறார். பெய்ததா, அவர் பிழைத்தாரா என்று நாராயண் சொல்லவில்லை. அந்தக் கடைசிக் காட்சியிலும் கதைசொல்லி அவருக்கு வழங்கும் பெயர் ராஜு.