கொடியை எரித்தலும் குற்றவியல் சட்டமும்

தேசியக் கொடியைப் பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வையில் படும் வேறோர் இடத்திலோ எரிப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையோ, அபராதமோ, இரண்டும் சேர்த்தோ விதிக்கலாம் என்று 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் கூறுகிறது. கொடியைக் கையாளும் முறைகளை வகுக்கும் 2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்போ, நைந்து கிழிந்த கொடியைத் தனியிடத்தில் முழுவதுமாக அழித்துவிட வேண்டும் என்றும், எரிப்பதே அதற்கு ஏற்ற வழி என்றும் அறிவுறுத்துகிறது. தீயும் துணியும் ஈரிடத்தும் ஒன்றே. எரிப்பவரின் நோக்கமும், பார்ப்பவர் இருப்பதும் இல்லாததுமே வேறுபடுகின்றன. ஆகவே சட்டம் தண்டிப்பது துணிக்கு நேர்ந்த அழிவையன்று, அந்த அழிவின் வழியாக ஊருக்குச் சொல்லப்படும் கருத்தையே. கருத்து எத்துணைக் கசப்பானதாயினும் அதற்குச் சிறையை விடையாக்கலாமா என்பதுதான் இங்கு எழும் அறவினா.

தமிழகத்தில் இவ்வினா ஏட்டோடு நின்றுவிடவில்லை. இந்தித் திணிப்பை எதிர்த்து 1955 ஆகஸ்ட் 1 அன்று தேசியக் கொடியை எரிக்கப்போவதாகப் பெரியார் அறிவித்தபோது, இந்தி கட்டாயமாக்கப்படாது என்று முதலமைச்சர் காமராசர் உறுதியளித்தார். அவ்வுறுதியை ஏற்றுப் போராட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டாண்டு கழித்து, சாதியைக் காப்பவை என்று தாம் கருதிய அரசியலமைப்புப் பிரிவுகளை 1957 நவம்பர் 26 அன்று எரிக்கும் போராட்டத்தை அவர் அறிவித்தார். இம்முறை சென்னை மாநிலச் சட்டமன்றம் கொடியையும் அரசியலமைப்பையும் அவமதிப்போரைத் தண்டிக்கும் சட்டமொன்றை விரைந்து இயற்றிற்று. ஆயிரக்கணக்கானோர் கைதாயினர், சிலர் சிறைவாசத்திலேயே மாண்டனர். முதல் அறிவிப்புக்கு அரசு குறையைக் கேட்டு விடை தந்தது. இரண்டாவதற்குத் தண்டனையை விடையாக்கியது. எரிக்கப்பட்ட தாளின் கௌரவம் அச்சிறைவாசங்களால் ஒரு சிறிதும் உயர்ந்ததாகத் தெரியவில்லை. சாதி குறித்த கேள்வியும் அப்படியே நின்றது.

எதிர்த்தரப்பின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கொடியைக் கையில் ஏந்தித் தடியடிபட்டு 1932 ஜனவரியில் உயிர்நீத்த திருப்பூர் குமரனுக்கு அது வெறும் துணியாக இருக்கவில்லை. பாரதி தம் காலத்து விடுதலைக் கொடியைத் தாயின் கொடியாகவே பாடியிருக்கிறார். எல்லையில் வீழ்ந்த வீரரின் உடல் தேசியக் கொடியால் போர்த்தப்பட்டு ஊர் திரும்பும்போது, அவர் பெற்றோருக்கு அத்துணி என்னவாக இருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. அதை எரித்துக் காட்டுபவர் அவர்களை உண்மையாகவே நோகச் செய்கிறார். பெரும்பாலான வேளைகளில் அச்செயல் அறப்பிழையும் ஆகும். ஆனால் அறப்பிழைகள் அனைத்தும் குற்றங்கள் அல்ல. பெற்றோரோடு பேசாதிருத்தல், நன்றி மறத்தல் போன்ற கொடிய பிழைகளையே சமூகம் கண்டனத்தால் எதிர்கொள்கிறது, சிறையால் அன்று.

கொடிப்பற்று ஆணையால் விளைவதில்லை என்பதற்குத் தென்காசி வட்டாரத்தின் வரலாறே சான்று. 1947க்கு முன் தென்காசியும் குற்றாலமும் பிரிட்டிஷ் கொடியின் கீழ் இருந்தன. சில மைல் தொலைவிலுள்ள செங்கோட்டையோ திருவிதாங்கூர் மன்னரின் சங்குக்கொடியின் கீழ் இருந்தது. அந்நாடு தனித்தே நிற்கும் என்று 1947 ஜூனில் திவான் சி. பி. ராமசாமி ஐயர் அறிவித்தது நிலைத்திருந்தால், குற்றாலத்தில் குளித்துவிட்டுச் செங்கோட்டைக்குத் திரும்புபவர் அயல்நாட்டு எல்லையைக் கடந்திருப்பார். 1911இல் மணியாச்சியில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், மன்னர் கொடியின் கீழிருந்த அந்தச் செங்கோட்டையைச் சேர்ந்தவரே; அவருடைய நாட்டுப்பற்று எந்த ஆணையாலும் விளைந்ததன்று. அச்செயலை எவ்வாறு மதிப்பிட்டாலும் (அவர் விட்டுச்சென்ற கடிதத்தில் விடுதலை வேட்கையோடு வருண தருமக் கவலையும் கலந்திருந்ததை மறைக்க இயலாது), அது ஒரு மனித உயிரைப் பறித்தது. சின்னத்தை எரிக்கும் எதிர்ப்பு எவருடைய உயிரையும் பறிப்பதில்லை. சினத்தை மனிதர்மேல் காட்டாமல் துணியின்மேல் காட்டும் போராட்டக்காரரை வன்முறையாளரோடு ஒரே தட்டில் நிறுத்துவது நீதியாகாது.

இனி, சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவதைத் தண்டிக்கும் அரசு கொடியை இழிவுபடுத்துவதை மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும் என்று கேட்கலாம். இக்கேள்வியே வேறுபாட்டைக் காட்டித்தருகிறது. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பகுதிச் சிற்றூர் ஒன்றில், ஊர்க்கட்டுப்பாடு என்று சொல்லிப் பட்டியலினக் குழந்தைகளுக்குக் கடையில் தின்பண்டம் மறுக்கப்பட்டது. அங்கே இழிவைத் தாங்கியவர்கள் பள்ளிக் குழந்தைகள். அவர்களை அது வாழ்நாள் முழுதும் பின்தொடரக்கூடும். வலியவர் எளியவரை மேலும் தாழ்த்த அது கருவியாயிற்று. ஆகவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதில் நுழைவது முறையே. கொடிக்கோ வலிக்கும் உடலில்லை. அதன் பின்னால் நாட்டின் முழு வலிமையும் நிற்கிறது. எளியவரைக் காக்கும் சட்டத்தின் தருக்கத்தை வலிய அரசின் சின்னத்துக்குக் கடன் கொடுக்க முடியாது. அதே 2022 ஆகஸ்டில், பட்டியலின ஊராட்சித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குத் தலைமைச் செயலாளர் கடிதம் எழுத நேர்ந்தது. கொடியேற்ற உரிமையுள்ளவரைக் கம்பத்தருகே விடாதவர் கொடியைக் கிழிப்பதுமில்லை, எரிப்பதுமில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் எரித்தல், மிதித்தல் என்னும் பட்டியலில் அவர் செயல் இடம்பெறாது. கொடிக்கு அவர் இழைத்த அவமதிப்போ சிறிதன்று.

நீதிமன்றங்கள் இதுவரை பாதி வழி வந்துள்ளன. கொடியேற்றுவது கருத்துவெளிப்பாட்டு உரிமையின் பாற்பட்டது என்று 2004இல் நவீன் ஜிந்தால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அவ்வுரிமை 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்றும் சேர்த்தே சொன்னது. ஏற்றுவது ஒரு கூற்றாகுமானால் எரிப்பதும் ஒரு கூற்றே என்னும் முடிவைத் தவிர்ப்பது கடினம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல் ஐவருக்கு நால்வர் என்ற மிகச் சிறிய பெரும்பான்மையில் அம்முடிவுக்கே வந்தது. மூவண்ண வரைபடம் தீட்டிய கிறிஸ்துமஸ் கேக்கை வெட்டியது குற்றமாகாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததற்கு, அவமதிக்கும் நோக்கம் அங்கே இல்லை என்பதே அடிப்படை. சாரல் ஓயாத ஆகஸ்ட் 15இல் குற்றாலப் பேரருவிக்கரைக் கூட்டத்தில் சட்டையிலிருந்து கழன்று விழும் காகிதக் கொடிகள் ஈரத்தில் மிதிபட்டாலும் எவரும் குற்றவாளியாகாததும் அதே காரணத்தால்தான்.

பிறருடைய கொடியைப் பறித்து எரிப்பதும், கூட்டத்தின் நடுவே தீயிட்டு உயிருக்கு ஊறு செய்வதும், கலவரத்துக்குத் தூண்டுவதும் தண்டிக்கத்தக்கவை. அவற்றுக்குப் பொதுவான தண்டனைச் சட்டமே போதும். தன் காசில் வாங்கிய கொடியை, எவருக்கும் ஊறின்றி, எதிர்ப்பின் அடையாளமாக எரிப்பவரைக் கடுமையாகக் கண்டிக்கவும் மறுத்துப் பேசவும் குடிமக்களுக்கு முழு உரிமை உண்டு. அவரைச் சிறையிலிட அரசுக்கு அறவழிப்பட்ட உரிமை இல்லை. சட்டவழியில் மாற்றம் நாடி அரசியலமைப்பையோ கொடியையோ குறைகூறுவது குற்றமாகாது என்று 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கக் குறிப்பு ஏற்கெனவே விலக்களிக்கிறது. அவ்விலக்கை எவருக்கும் ஊறு விளைவிக்காத எதிர்ப்புச் செயலுக்கும் நீட்டிக்க நாடாளுமன்றத்தின் ஒரு திருத்தமே போதுமானது.